வீட்டுக் கணினியில் வீடியோ பார்க்க எந்தப் பிளேயர்? வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கணினி திருத்துவது என் தொழில். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மல்லாவி, பூநகரி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். வந்த வேலை எதுவாக இருந்தாலும், போகிற நேரத்தில் ஒரு பென்ட்ரைவையோ பழைய சீடியையோ எடுத்து நீட்டி, "தம்பி, இதுவும் ஓடுதில்லை, ஒருக்கா பாருங்கோ" என்று சொல்லாதவர்கள் குறைவு. அப்படிக் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். வேகமான இணையமும் புதுக் கணினியும் இருக்கிற வீட்டுக்கு இதில் பாதி தேவைப்படாது. சிம் டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கிற, பழைய லப்டொப் ஒன்றை வைத்துச் சமாளிக்கிற வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், எதைப் போடுவது?

விஎல்சி. செம்மஞ்சள், வெள்ளை நிறத்தில் வீதிக் கூம்பு படம் போட்ட அதே மென்பொருள்தான். காசு இல்லை, விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லிக் கேட்காது. ஒருமுறை போட்டுவிட்டால் இணையமே இல்லாமல் வேலை செய்யும். பழைய சீடியிலிருந்து இன்றைக்கு எடுத்த கைபேசி வீடியோ வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் திறக்கும்.

ஆனால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்: உங்கள் வீட்டில் பார்ப்பது என்ன? பிள்ளையின் வகுப்புப் பதிவா, வெளிநாட்டிலிருந்து வரும் வீடியோவா, பழைய கலியாண டிவிடியா, பாட்டு மட்டுமா? பிளேயரை அதற்கேற்றபடிதான் தெரிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன.

விண்டோஸோடு ஒரு பிளேயர் வருகிறதே, அது போதாதா?

கைபேசியில் எடுத்த சாதாரண எம்பி4 மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்றால் போதும். விண்டோஸ் 11-இல் 2022 முதல் வருகிற மீடியா பிளேயர் பார்க்கவும் வடிவானது, பாட்டுகளையும் ஒழுங்காக அடுக்கித் தரும்.

போதாமல் போகிற இடம் இரண்டு. ஒன்று டிவிடி. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிவிடி ஓட்டுகிற வசதியை மைக்ரோசொப்ட் எடுத்துவிட்டது. தட்டைப் போட்டால் கோப்புகளைக் காட்டும், படம் ஓடாது. மற்றது, எச்.265 என்கிற புதிய முறையில் சுருக்கிய வீடியோக்கள். அவற்றைத் திறக்கப் போனால், ஒரு நீட்டிப்பை மைக்ரோசொப்ட் கடையில் 0.99 டொலர் கொடுத்து வாங்கச் சொல்லும். வங்கி அட்டை இல்லாத வீட்டில் அது எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. விஎல்சி இரண்டையும் சும்மாவே செய்கிறது.

இலவசம் என்றால் பின்னால் ஏதாவது இருக்கும்தானே? யார் இதைச் செய்கிறார்கள்?

நல்ல சந்தேகம். எல்லா இலவச மென்பொருளுக்கும் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

பாரிசுக்கு அருகே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் 1996-இல் தங்கள் வளாக வலையமைப்பில் வீடியோ பார்க்கத் தொடங்கிய வேலை இது. 2001-இல் அதன் மூலநிரலை, அதாவது மென்பொருளை உருவாக்கிய கட்டளைகளை, யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்துவிட்டார்கள். இப்போது வீடியோலான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. நன்கொடையும் தன்னார்வலர்களின் உழைப்பும்தான் முதல். உள்ளே என்ன இருக்கிறது என்பதை உலகம் முழுக்க உள்ள நிரலாளர்கள் பார்க்க முடிகிறது என்பதே பெரிய பாதுகாப்பு.

இந்தியாவில் விஎல்சியைத் தடை செய்தார்களாமே?

2022-இல் சில மாதங்களுக்கு வீடியோலானின் இணையத்தளத்தை இந்தியாவில் திறக்க முடியாமல் இருந்தது உண்மை. வீடியோலான் சட்ட வழியில் கேள்வி கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை எடுக்கப்பட்டது. அதே ஆண்டில், ஒரு ஊடுருவல் குழு விஎல்சியோடு தன்னுடைய கெட்ட கோப்பு ஒன்றைச் சேர்த்து வைத்துத் தாக்குதலுக்குப் பாவித்தது என்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அது கலப்படம் செய்த பிரதி. சரியான இடத்திலிருந்து எடுக்கிற விஎல்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, எங்கிருந்து எடுப்பது?

வீடியோலான் டொட் ஓஆர்ஜி (videolan.org) என்ற முகவரியிலிருந்து மட்டும். தேடுபொறியில் விஎல்சி என்று அடித்தால், மேலே விளம்பரமாக வருகிற முதல் முடிவு சில வேளை வேறு யாரோ நடத்துகிற பக்கமாக இருக்கும். பார்த்தால் அதே கூம்பு, அதே நிறம். அங்கிருந்து எடுத்தால் விஎல்சியும் வரும், கூடவே அழையாத விருந்தாளிகளாக இரண்டு மூன்று மென்பொருளும் வரும்.

கோப்பு 40 எம்பியை ஒட்டித்தான் இருக்கும். வீட்டில் டேட்டா இல்லையென்றால் தெரிந்தவர் ஒருவரிடம் தரவிறக்கிப் பென்ட்ரைவில் வாங்கலாம். அப்படி வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள்: கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிறகு புரொப்பட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல். கையொப்பமிட்டவர் பெயராக வீடியோலான் இருக்க வேண்டும். தாவலே இல்லை என்றாலோ வேறு பெயர் இருந்தாலோ அதை அழித்துவிடுங்கள்.

முதல் தடவை திறக்கும்போது விஎல்சி ஒரு சிறிய பெட்டியைக் காட்டும். பாட்டு அட்டைப் படம் போன்ற விபரங்களை இணையத்திலிருந்து எடுக்கட்டுமா என்று அதில் கேட்கும். டேட்டா குறைவான வீட்டில் அந்தச் சரிக்குறியை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். வீடியோ பார்ப்பதற்கு அது எந்த விதத்திலும் தேவையில்லை.

ஒரு எம்பி4 ஓடுகிறது, இன்னொரு எம்பி4 ஓடவில்லை. ஏன்?

கடையில் கட்டித் தருகிற சாப்பாட்டுப் பார்சலை நினையுங்கள். தாள் ஒன்றுதான், உள்ளே சோறும் இருக்கலாம், கொத்தும் இருக்கலாம். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் அந்தத் தாள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதற்குப் பெயர் கோடெக். இப்போது அதிகம் காணக்கிடைப்பது 2003-இல் வந்த எச்.264. அதற்குப் பிறகு 2013-இல் எச்.265 வந்தது. 2018-இல் ஏவி1 வந்தது.

புதியவை அதே தரத்துக்குக் குறைந்த இடம் எடுக்கும். ஆனால் விரித்துக் காட்ட கணினி கூடுதலாக உழைக்க வேண்டும். விஎல்சியில் கன்ட்ரோலோடு ஜே அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கிற வீடியோவின் கோடெக் என்ன, அகலம் உயரம் என்ன என்று காட்டும். யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது அந்த விபரத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

கனடாவிலிருந்து அண்ணா அனுப்புகிற வீடியோ மட்டும் சத்தம் வருகிறது, படம் வரவில்லை.

அண்ணா ஐபோன் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-க்குப் பிறகு புதிய ஐபோன்கள் இடத்தை மிச்சம் பிடிக்க எச்.265 முறையில் பதிகின்றன. விண்டோஸின் சொந்தப் பிளேயர் தடுமாறுவது அதனால்தான்.

முதலில் விஎல்சியில் திறந்து பாருங்கள். அதிலும் இழுத்து இழுத்து ஓடினால் உங்கள் கணினிக்கு அந்த வேலை பாரம். அண்ணாவிடம் ஒரு சின்ன உதவி கேட்கலாம்: செட்டிங்ஸ், கமரா, போர்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பற்றிபிள் என்பதைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் எச்.264-ஆக வரும். 4கே தரத்தில் அல்லாமல் 1080 அல்லது 720-இல் எடுக்கச் சொன்னால் உங்கள் டேட்டாவும் மிஞ்சும்.

நிறம் எல்லாம் வெளிறிப்போய்த் தெரிகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஐபோன் 12 முதல் எச்டிஆர் என்ற, வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகப் பிடிக்கிற முறையில் பதிகிற வசதி வந்திருக்கிறது. பழைய திரைகளில் அந்த நிறங்கள் சரியாக வராது. கமரா செட்டிங்கில் எச்டிஆர் வீடியோவை நிறுத்தினால் சரி.

எங்களுடையது பழைய லப்டொப். விஎல்சியிலும் நின்று நின்றுதான் ஓடுகிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் புரோசசரின் பெயரைப் பாருங்கள். இன்டெல் ஐ5-4300 என்று இருந்தால், கோட்டுக்குப் பிறகு வருகிற 4 தான் தலைமுறை. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து சாதாரண எச்.265-ஐ விரிக்கத் தனி வன்பொருள் உள்ளே இருக்கிறது. ஏழாம் தலைமுறையில், நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதிகிற 10 பிட் வகைக்கும் வந்துவிட்டது. அதற்கு முந்தியவை அந்த வேலையைப் பெரும்பாலும் புரோசசரின் முழு மூச்சால்தான் செய்கின்றன. விசிறி கத்தும், பற்றரி கெதியாக இறங்கும். இங்கே பழையதாகக் கைமாறுகிற மடிக்கணினிகளில் மூன்றாம், நாலாம் தலைமுறைகள் நிறைய.

செய்யக்கூடியது என்ன? விஎல்சியில் டூல்ஸ், பிறகு பிரிபரன்சஸ், அங்கே இன்புட் கோடெக்ஸ். ஹார்ட்வெயர் அக்சிலரேற்றட் டீகோடிங் என்ற வரி ஓட்டோமட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தும் படம் பச்சையாக உடைந்து தெரிந்தால் டிசேபிள் என்று மாற்றுங்கள். பழைய கிராபிக்ஸ் டிரைவர்களோடு அது சில நேரம் முரண்படும். வீடியோ பென்ட்ரைவில் இருந்தால் வன்தட்டில் பிரதி பண்ணிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மலிவு பென்ட்ரைவ்களின் வேகமே சில வேளை காரணம். பின்னால் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஓடவில்லை என்றால், அந்த வீடியோவின் 720 எச்.264 பிரதி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். விஎல்சியிலேயே கன்ட்ரோலோடு ஆர் அழுத்தினால் மாற்றுகிற பெட்டி வரும். பழைய கணினியில் நேரம் எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம்.

விஎல்சியை விட்டால் வேறு நல்லது இல்லையா?

இருக்கிறது. மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமா என்று ஒன்று. பார்க்க பழைய விண்டோஸ் பிளேயர் மாதிரி எளிமையாக இருக்கும், நினைவகம் குறைவாக எடுக்கும். அதன் முதல் குழு 2017-இல் வேலையை நிறுத்திவிட்டது. பிறகு வேறு நிரலாளர்கள் எடுத்துப் புதுப்பித்து வருகிறார்கள். பழைய விண்டோஸ் கணினிக்கு நான் விஎல்சிக்கு அடுத்து போடுவது இதைத்தான்.

எம்பிவி என்பது இன்னும் இலகுவானது, படத்தின் தரமும் அருமை. ஆனால் பொத்தான்கள் குறைவு, விசைப்பலகையால் ஓட்டிப் பழக வேண்டும். அதே எஞ்சினைப் பொத்தான்களோடு வேண்டும் என்றால் எஸ்எம்பிளேயர் இருக்கிறது. பொட்பிளேயர் கொரியாவின் ககாவோ நிறுவனத்தினுடையது. வசதிகள் ஏராளம், ஆனால் மூலநிரல் திறந்ததல்ல. கேஎம்பிளேயரை ஒரு காலத்தில் நிறையப் பேர் விரும்பினார்கள். விளம்பரங்கள் வரத் தொடங்கிய பிறகு நான் யாருக்கும் சொல்வதில்லை.

கோடெக் பேக் போடச் சொல்லித் திரையில் வருகிறது. போடலாமா?

வேண்டாம். விஎல்சி தனக்குத் தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. வீடியோ பார்க்க இந்தக் கோடெக்கைத் தரவிறக்கு என்று ஒரு இணையப் பக்கம் சொன்னால், அது பெரும்பாலும் வைரஸ் ஏற்றுகிற வழி. பக்கத்தை மூடுங்கள். பிளாஷ் பிளேயர் வேண்டும் என்று கேட்பதும் அதே வகைதான். அடோபி 2020 டிசம்பரோடு பிளாஷுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

அக்காவின் கலியாண டிவிடி, தங்கச்சியின் சாமத்திய வீட்டு சீடி எல்லாம் இருக்கிறது. இப்போது ஓடுதில்லை.

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக் கதைக்க வேண்டும்.

வன்னியில் ஒரு குடும்பத்தின் படங்கள் என்றால் அது சாதாரண விசயம் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களைக் கைவிட்டு வந்த வீடுகள் எத்தனை. சில குடும்பங்களுக்கு, அப்போதே சுவிசுக்கோ லண்டனுக்கோ அனுப்பிவைத்த பிரதி ஒன்று திரும்பி வந்ததால்தான் அப்பாவின் முகமே மிஞ்சியிருக்கிறது. அதனால், தட்டு ஓடவில்லை என்றால் பிளேயரை மாற்றுவதற்கு முன்னால் தட்டைக் காப்பாற்றுங்கள்.

வீட்டில் எழுதுகிற சீடிக்கும் டிவிடிக்கும் உள்ளே ஒரு சாயப் படை இருக்கிறது. வெயிலும் வெக்கையும் ஈரமும் அதைக் கெடுக்கும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் வைத்த தட்டுக்குப் பங்குனி, சித்திரை வெயில் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு ஓடுகிற தட்டு அடுத்த வருடமும் ஓடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

முதலில் தட்டைத் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், அதை வாசிப்பது கடினம். பிறகு, ஒரு டிரைவில் வாசிக்கவில்லை என்றால் இன்னொன்றில் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்ட தட்டை மற்றது வாசித்துவிடுவது வழமையாக நடக்கிறது. இப்போதைய மடிக்கணினிகளில் டிரைவே இல்லை என்பதால் யூஎஸ்பியில் கொழுவுகிற வெளி டிரைவ் ஒன்றை உறவினர் நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம்.

வாசிக்கத் தொடங்கியதும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே பிரதி எடுங்கள். வீடியோ சீடியில் எம்பிஈஜிஏவி என்ற கோப்புறைக்குள் டிஏடி என்று முடிகிற பெரிய கோப்பு இருக்கும். டிவிடியில் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை. அவற்றை அப்படியே வன்தட்டில் பிரதி செய்யுங்கள். கலியாண வீட்டு வீடியோக்காரர் எழுதித் தந்த தட்டுகளில் பொதுவாகப் பூட்டு எதுவும் இருக்காது. டிஏடி கோப்பை விஎல்சிக்குள் இழுத்துப் போட்டால் ஓடும். டிவிடி கோப்புறையை மீடியா, பிறகு ஓபன் போல்டர் என்று திறக்கலாம். தரத்தைக் குறைத்து மாற்றுவதெல்லாம் பிறகு செய்யலாம். மூலப் பிரதியை அழிக்க வேண்டாம்.

பிரதி எடுத்தது ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் அது பாதுகாப்பு இல்லை. வீட்டில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று, முடிந்தால் வெளிநாட்டில் இருக்கிற உறவினரிடம் ஒன்று. பென்ட்ரைவை நீண்டகாலச் சேமிப்பாக நம்ப வேண்டாம். வெளி வன்தட்டு பரவாயில்லை.

அந்தப் பழைய வீடியோவில் ஆட்கள் அசையும்போது விளிம்பில் கோடு கோடாகத் தெரிகிறதே?

ஆராத்தி எடுக்கிற கையைப் பாருங்கள். கை நின்றால் படம் தெளிவு, கை அசைந்தால் விளிம்பு முழுக்கக் கிடைக்கோடுகள். தட்டில் பிழை இல்லை. அந்தக் காலத்துக் கமராக்கள் ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றுவிட்ட ஒரு வரியாக எடுத்தன. பழைய குமிழ்த் தொலைக்காட்சியில் அது தெரியவராது, கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடும். விஎல்சியில் வீடியோ பட்டியலில் டீஇன்ரர்லேஸ் என்பதை ஓன் ஆக்குங்கள், முறையாக யாடிப் என்பதைத் தெரிவு செய்யுங்கள். கோடு போய்விடும்.

ஆட்கள் குண்டாக, குட்டையாகத் தெரிந்தால் ஏ விசையை அழுத்தி அழுத்தி 4:3 வரும்வரை மாற்றுங்கள்.

பிள்ளை உயர்தரம் படிக்கிறாள். வகுப்புப் பதிவுகளைப் பார்க்க எது வசதி?

விஎல்சியேதான், சில விசைகள் தெரிந்தால் போதும். ஆசிரியர் வேகமாகக் கதைத்தால் இடப்பக்கச் சதுர அடைப்பு விசை வேகத்தைக் குறைக்கும். வலப்பக்கச் சதுர அடைப்பு கூட்டும், சமக்குறி விசை பழைய வேகத்துக்குக் கொண்டுவரும். ஒரு வசனத்தைத் திரும்பக் கேட்க சிவ்டோடு இட அம்பு, மூன்று செக்கன் பின்னால் போகும். ஓல்டோடு அழுத்தினால் பத்துச் செக்கன். கரும்பலகையில் எழுதியதை நிறுத்திப் பார்க்க ஸ்பேஸ். கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு இந்த விசைகள் பெரிய உதவி.

ஆசிரியரின் குரல் மெல்லியதாக இருந்தால் சத்தத்தை 100-க்கு மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும். கன்ட்ரோலோடு ஈ அழுத்தி, ஓடியோ பகுதியில் கொம்பிரசர் என்பதை இயக்குங்கள். மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் ஒரு மட்டத்துக்கு வரும்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்களும் இருக்கின்றன. தரவிறக்க முடிகிற பாடங்களை இரவு டேட்டா கிடைக்கிற நேரத்தில் எடுத்து வைத்துவிட்டால், பகலில் இணையம் இல்லாமல் எத்தனை தடவையும் பார்க்கலாம். திரும்பத் திரும்ப யூடியூபில் அதே பாடத்தை ஓட்டுவது டேட்டாவுக்குப் பெரிய செலவு.

தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாக வருகின்றன.

கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. பிரிபரன்சஸில் சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போய் எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். வேறு மொழிக் கிறுக்கலாக வந்தால் அங்கேயே டீபோல்ட் என்கோடிங் என்பதை யூடிஎப்-8 ஆக்குங்கள். கொம்பும் காலும் இடம்மாறி வந்தால் உங்கள் விஎல்சி மிகப் பழையது, புதிய பதிப்பைப் போடுங்கள்.

வசன வரிக் கோப்பின் பெயரும் வீடியோவின் பெயரும் ஒன்றாக, ஒரே கோப்புறையில் இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். முந்திப் பிந்தி வந்தால் ஜீ, எச் விசைகள். சத்தம் உதட்டோடு ஒட்டவில்லை என்றால் ஜே, கே.

பழைய பாட்டுச் சீடியிலிருந்து எடுத்த பாட்டுகளின் பெயர்கள் புரியாத ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன. வைரஸா?

இல்லை, பாமினி. யூனிகோட் பரவுவதற்கு முன் இங்கே எல்லாரும் தமிழ் அடித்தது பாமினி எழுத்துருவில்தான். அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஏற்றுகிற முறை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே தெரியும். பாமினியை யூனிகோட்டாக மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. பெயரைப் பிரதி செய்து மாற்றி ஒட்டலாம். பாட்டு நிறைய என்றால் எம்பி3டாக் என்ற மென்பொருளில் வரிசையாகத் திறந்து திருத்துவது கெதி.

பாட்டு மட்டும் கேட்க?

இதற்கு விஎல்சியை நான் சொல்ல மாட்டேன். பாட்டைப் பாடுகிறவர், அல்பம் என்று அடுக்கிவைத்துக் கேட்கிற சுகம் அதில் இல்லை. புபார்2000 மிக இலகுவானது, எந்தப் பழைய கணினியிலும் ஓடும். கொஞ்சம் வடிவாக வேண்டும் என்றால் ஏஐஎம்பி. நாதஸ்வர, தவில் கச்சேரிப் பதிவுகள் துண்டு துண்டாக இருந்தால், புபாரில் இடைவெளி தெரியாமல் தொடர்ந்து ஓடும். தனி ஆவர்த்தனத்தின் நடுவே அரைச் செக்கன் நின்று போனால் கேட்கிற மனம் உடைந்துவிடும். அதைத் தெரிந்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை புரியும்.

செத்த வீட்டைப் பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து வரமுடியாத பிள்ளைகளுக்காக எடுத்த பதிவு இப்படிப் போகும்போது அந்த வீட்டின் கவலை பெரிது. எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழமையாகப் பதிவு முடிகிறபோதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் படம் முழுக்க உள்ளே இருக்கும், அட்டவணை இருக்காது. எந்தப் பிளேயராலும் அதைத் திறக்க முடியாது.

மீட்க வழி இருக்கிறது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைப் பார்த்து உடைந்ததைத் திருத்த முயலும். அதனால் மெமரி காட்டை வெளியே எடுத்து வையுங்கள், அதன் மேல் வேறு எதையும் பதிய வேண்டாம். கணினி மூலம் பதிகிறவர்கள் எம்கேவியாகப் பதியுங்கள். நடுவில் நின்றாலும் அதுவரை பதிந்தது ஓடும்.

பென்ட்ரைவில் பெரிய படம் ஏறவில்லை, இடம் நிறைய இருக்கிறதே?

பென்ட்ரைவ், கோப்புகளை அடுக்கிவைக்கிற பழைய முறையான பாட்32-இல் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்பாட் என்ற புதிய முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். உங்கள் தொலைக்காட்சி எக்ஸ்பாட்டை வாசிக்குமா என்றும் முதலில் பாருங்கள், பழையவை சில வாசிக்காது.

பென்ட்ரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழியாக மாறிவிட்டன.

வைரஸ். எதையும் சொடுக்க வேண்டாம். உங்கள் வீடியோக்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டு உள்ளேயே இருக்கும். விண்டோஸ் டிபெண்டரால் சோதித்துவிட்டு மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து எடுக்கலாம்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே, விஎல்சி நின்றுவிடுமா?

நிற்காது. மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்தது உண்மை. ஆனால் விஎல்சி 3.0 விண்டோஸ் எக்ஸ்பியில்கூட ஓடுகிறது. ஆபத்து இணையத்தில் உலாவுவதில்தான். வீடியோவும் படிப்பும் மட்டும் பார்க்கிற பழைய கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். அதோடு வருகிற செலுலாய்ட் பிளேயர் எம்பிவி எஞ்சினில் ஓடுவது, விஎல்சியையும் ஒரு சொடுக்கில் சேர்க்கலாம்.

அம்மம்மாவுக்கும் விளங்கிற மாதிரி வைத்துத் தர முடியுமா?

முடியும். வீடியோ கோப்பில் வலது சொடுக்கு, ஓபன் வித், அங்கே விஎல்சியைத் தெரிந்து எப்போதும் இதையே பாவி என்று குறியுங்கள். பிரிபரன்சஸில் வீடியோ பகுதியில் புல்ஸ்கிரீன் என்பதற்குச் சரிக்குறி போட்டால், இரட்டைச் சொடுக்கு கொடுத்ததும் திரை நிறையப் படம் வரும். இன்ரபேஸ் பகுதியில் கொன்ரினியூ பிளேபக் என்பதை ஓல்வேஸ் ஆக்கினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். வற்றாப்பளைப் பொங்கல் வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போகிறவருக்கு அது போதும். பேரப்பிள்ளைகளின் வீடியோ, கோயில், பழைய படம் என்று மூன்று கோப்புறை செய்து முகப்புத் திரையில் வையுங்கள். ஸ்பேஸ் விசையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, நிறுத்தவும் திரும்ப ஓடவும் அதுதான் என்று காட்டிக் கொடுங்கள். மற்ற விசைகள் எதுவும் அவருக்குத் தேவைப்படாது.